பீரோவில் என் ரேகை இருந்தால் நான் திருடனா?

திருச்சி மாவட்டத்திலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்; இரண்டையும் விட்டுவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அவர் ஏ.சி. மெக்கானிக். ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகச் சென்று சர்வீஸ் செய்கிறார். மே மாதத் தொடக்கத்தில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீட்டுப் படுக்கையறையில் ஏ.சி.யைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஏ.சி.க்கு நேர் கீழே இரும்பு பீரோ. ஏணி போட இடமில்லை. வீட்டுக்காரரின் மகனும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பீரோவை ஓர் அடி நகர்த்தினார்கள். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். 18 நாள் கழித்து, குடும்பம் பழனிக்குப் போயிருந்த இரவில், அந்த வீட்டின் பின்கதவுப் பூட்டு உடைக்கப்பட்டு, பீரோவிலிருந்த 11 பவுன் நகையும் பணமும் திருட்டுப் போயின. "கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர், மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது" என்று வழக்கமான வரிகளோடு செய்தி வந்தது. நான்காம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் போனில் கூப்பிட்டு, அந்த பீரோவைத் தொட்டாயா என்று கேட்டிருக்கிறார். இவர் பயத்தில், "பீரோ பக்கமே போகவில்லை சார்" என்று சொல்லிவிட்டார். "பீரோவில் சக்கர ரேகை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை வந்து உன் ரேகையைக் கொடுத்துவிட்டுப் போ" என்று பதில் வந்தது.

இவருக்குப் பத்து விரலிலும் சக்கரம்! இரண்டு நாளாகத் தூக்கமில்லை. போகாமல் இருந்துவிடலாமா? ஆதாரிலிருந்து ரேகையை எடுத்துவிடுவார்களா? உப்புத்தாளால் விரல் நுனியைத் தேய்த்துவிட்டுப் போ என்று நண்பர் சொல்கிறாரே, அது சரியா? ரேகை பொருந்திவிட்டால் தண்டனை உறுதியா? ஆவணியில் வைத்திருக்கும் நிச்சயதார்த்தம் நின்றுபோகுமா? இடையில் அம்மா வேறு, வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் நாடி ஜோதிட ஏடு பார்த்துவிட்டு வரலாம் என்கிறாராம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ரேகையைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. ஏட்டிடம் சொன்ன பொய்யைப் பற்றி ஒன்றரை வரிதான். நானாக இருந்தால் இந்த அளவை மாற்றிப் போட்டிருப்பேன். உங்கள் கை அந்த பீரோவில் பட்டதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கூடவே நின்று தள்ளிய ஓர் ஆள் இருக்கிறார். தேதி போட்ட சர்வீஸ் ரசீது இருக்கிறது. "பக்கமே போகவில்லை" என்றதற்குத்தான் பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. நாளைக்கு ரேகை பொருந்தினால், இவன் ஏன் அன்றைக்கு மறைத்தான் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நீதிமன்றங்களும் ஒருவர் தந்த பொய்யான விளக்கத்தை மற்ற சூழ்நிலைகளோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது உண்டு. அதைச் சரிசெய்யும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் அந்த ஏட்டுக்குத் திரும்ப போன் செய்து எதையும் விளக்கப் போகாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கூப்பிட்டதாலேயே நீங்கள் குற்றவாளிப் பட்டியலில் ஏறிவிடவில்லை. திருட்டு நடந்த வீட்டில் ரேகை எடுத்தால் அதில் பெரும்பாலானவை அந்த வீட்டாருடையதாகவே இருக்கும். அதனால் வீட்டாரின் ரேகைகளை எடுத்து ஒப்பிட்டு, அவற்றை ஒதுக்குவார்கள். மீதி இருப்பவற்றுக்கு, அண்மையில் யார் யார் வந்தார்கள் என்று கேட்பார்கள்: வேலைக்கார அம்மா, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஏ.சி. மெக்கானிக். ஒழுங்காகச் செய்தால் இது உங்களை விலக்குவதற்கான வேலையாகவும் இருக்கலாம். ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கவனிக்கத்தான் பக்கத்தில் ஒரு வக்கீல் வேண்டும்.

சக்கரம் என்றால் நீங்கள்தானா?

குழந்தையின் விரலைப் பிரித்து வைத்து, சங்கா சக்கரமா என்று எண்ணிப் பார்க்கும் பாட்டிகள் நம் வீடுகளில் உண்டு. தடய அறிவியலும் ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பக்கமாக நுழைந்து வளைந்து அதே பக்கம் வெளியேறும் கோடுகள் சங்கு. நடுவைச் சுற்றிச் சுற்றி வருபவை சக்கரம். சிறு மேடு போல எழுந்து மறுபக்கம் இறங்கிவிடுபவை வில். நூறு விரல்களை எடுத்தால் சுமார் 60 முதல் 65 வரை சங்கு, 30 முதல் 35 வரை சக்கரம், வில் ஐந்தைச் சுற்றித்தான் இருக்கும். அதாவது மூன்று விரலுக்கு ஒன்று கிட்டத்தட்டச் சக்கரம். "சக்கர ரேகை கிடைத்திருக்கிறது" என்று ஏட்டு சொன்னது, "திருடன் கறுப்பு செருப்பு போட்டிருந்தான்" என்று சொல்வது மாதிரி. அதை வைத்து ஒருவரை விலக்கலாம். ஒருவரைப் பிடிக்க முடியாது.

பத்தும் சக்கரமாக அமைவது சற்று அரிதுதான். ஜோசியர் கேட்டால் ராஜயோகம் என்பார். பழைய கல்கத்தா போலீஸ் கேட்டால் 32-க்கு 32 என்று எழுதி அலமாரியில் போட்டிருக்கும். உலகின் முதல் ரேகைப் பிரிவு என்று சொல்லப்படுவது 1897-ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயரில் உலகம் முழுக்கப் பரவிய வகைப்பாட்டுக்குப் பின்னால் அஸிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளின் உழைப்பு இருந்தது. பத்து விரல்களை ஐந்து ஜோடியாக்கி, 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்து, சக்கரம் இருக்கும் விரலுக்கு மட்டும் அந்த மதிப்பைச் சேர்ப்பார்கள். ஜோடியில் ஒரு விரலின் மதிப்பு மேலே போகும், மற்றதன் மதிப்பு கீழே போகும்; இரண்டு கூட்டுத்தொகையோடும் ஒன்றைக் கூட்டினால், 32-ஐ 32-ஆல் பெருக்கி 1,024 அறைகள் கிடைக்கும். ஒரு சக்கரமும் இல்லாதவர் 1-க்கு 1. எல்லாமே சக்கரமாக இருக்கும் நீங்கள் கடைசி அறை. கணினி இல்லாத காலத்தில் லட்சக்கணக்கான சீட்டுகளுக்குள் தேடுவதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி இருந்திருக்க முடியாது. ஆனால் அது தேடுகிற முறை மட்டும்தான். ஆளை உறுதி செய்வது வேறு.

ஆளை உறுதி செய்வது கோடுகளுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குறிகள். ஓடிவரும் ஒரு கோடு பாதியில் நின்றுவிடும். இன்னொன்று கிளை பிரியும். பிரிந்தது திரும்பச் சேர்ந்து நடுவே ஒரு தீவை விட்டுப் போகும். இவை எந்த இடத்தில், ஒன்றுக்கொன்று எத்தனை கோடு தள்ளி இருக்கின்றன என்பதைத்தான் நிபுணர் ஒப்பிடுவார். ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்குக் கூட இது மாறும். எத்தனை குறி பொருந்தினால் போதும்? இங்கிலாந்தில் 16 வேண்டும் என்று நெடுங்காலம் வைத்திருந்து 2001-ல் அதையும் கைவிட்டார்கள். நம் சட்டம் எந்த எண்ணிக்கையையும் சொல்லவில்லை. நிபுணரின் கருத்துக்கே விட்டிருக்கிறது. குறுக்கு விசாரணைக்கு இடம் கிடைப்பது அங்கேதான்.

ரேகைக்குத் தேதி தெரியாது

ஜல்பைகுரி வழக்கை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வங்காளத்தின் வடக்கே, ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் 1897-ல் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பெட்டியும் பணமும் சூறையாடப்பட்டிருந்தன. அவரிடம் முன்பு வேலை பார்த்து, திருடியதற்காக அவராலேயே சிறைக்குப் போன காங்காலி சரண் என்பவர் மீதும் சந்தேகம் எழுந்தது. பெட்டியில் இருந்த ஒரு வங்காளப் பஞ்சாங்கத்தின் நீல அட்டையில் மங்கலான பழுப்புக் கறை. அதில் ஒரு கட்டைவிரல் பதிவு. பழைய தண்டனைக்காக எடுத்து வைத்திருந்த காங்காலியின் வலது கட்டைவிரல் ரேகையோடு அது பொருந்தியது. கறை ரத்தம் என்றும் தெரிந்தது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களுக்கு இது போதும், அன்று மாலையே தூக்கில் போட்டிருப்பார்கள். நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கை பெட்டிக்குள் போனது நிச்சயம், அதே கைதான் கத்தியைப் பிடித்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்பதே அதன் நிலை. ரேகையை வைத்து இந்தியாவில் நடந்த ஆரம்ப கால வழக்கே இப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறது.

ரேகை ஒரு பொருளைத் தொட்டதைச் சொல்லும். எப்போது தொட்டது, எதற்காகத் தொட்டது என்று சொல்லாது. பதிந்த ரேகையின் வயதை நம்பகமாகக் கணக்கிடும் முறை இதுவரை இல்லை. பெயின்ட் அடித்த வழவழப்பான இரும்பில், வெயிலும் மழையும் படாத அறைக்குள், விரலின் வியர்வையும் எண்ணெயும் வாரக்கணக்கில் நிற்கும். பீரோவின் முன்பக்கத்தையும் கண்ணாடியையும் துடைக்கிறவர்கள் உண்டு. சுவரோரம் இருக்கும் பக்கவாட்டைத் துடைக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. 18 நாளுக்குப் பிறகும் உங்கள் ரேகை அங்கே இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி, கண்ணை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் போய் நில்லுங்கள். பீரோவைத் தள்ளும்போது கை எங்கே இருக்கும்? பக்கவாட்டில், மார்பு உயரத்தில், விரிந்த உள்ளங்கையோடு, விரல்கள் மேல்நோக்கி. இழுக்கும்போது பின்பக்க விளிம்பில் நான்கு விரல் மடங்கிப் பதியும், கட்டைவிரல் பக்கவாட்டில் நிற்கும். எதிர்ப் பக்கத்தில் இதே போல வீட்டுக்காரரின் மகனுடைய ரேகை இருக்க வேண்டும். பீரோவைத் திறந்து திருடுகிறவனின் கை வேறு இடங்களில் படும்: கைப்பிடி, கதவின் உள்விளிம்பு, லாக்கரின் சின்னக் கதவு, நகைப் பெட்டி. ஆகவே, ரேகை கிடைத்தது என்பதை விட, பீரோவின் எந்த இடத்தில், எந்தத் திசையில் கிடைத்தது என்பதே உங்கள் வழக்கில் முக்கியம். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும், ரேகை எடுக்கும் முன் பிடிக்கும் புகைப்படங்களிலும் அது பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் கைப்பிடியையோ உள்ளே எதையாவதோ தொட்டிருந்தால், அது எவ்வளவு அற்பமான காரணத்துக்காக இருந்தாலும், உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே காப்பு வைத்திருக்கிறது.

ரேகை கொடுக்க மறுக்கலாமா?

"எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, 20(3)-ஆம் பிரிவு. ஆனால் 1961-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, காத்தி காலு வழக்கில், விரல் ரேகை கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. வாயைத் திறக்க மறுக்கும் உரிமை விரலுக்கு இல்லை.

அதற்காக, போனில் கூப்பிட்டு "வந்து கொடு" என்றால் கொடுத்தாக வேண்டுமா? இல்லை. 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளம் காணும் சட்டம், 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளம் காணும் சட்டத்தை நீக்கிவிட்டு, போலீஸின் கையை நன்றாகவே நீட்டியிருக்கிறது. கைது செய்யப்பட்ட எவரிடமும் ரேகை, உள்ளங்கைப் பதிவு, கருவிழிப் பதிவு வரை எடுக்கலாம். மறுப்பது தனிக் குற்றம். ஆனால் உங்களை இன்னும் கைது செய்யவில்லை. கைதாகாதவரிடம் ரேகை வேண்டுமென்றால் நீதித்துறை நடுவரிடம் போய் உத்தரவு வாங்க அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவும், பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 349-ஆம் பிரிவும் வழி வைத்திருக்கின்றன. கைது செய்யாமலே உத்தரவிடுவதானால் 349-இன் கீழ் நடுவர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

மறுத்துவிடு என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். நடுவர் உத்தரவு வழியாகக் கொடுப்பது உங்களுக்கே நல்லது. யார் முன்னிலையில், எந்தத் தேதியில், எந்தத் தாளில் எடுத்தார்கள் என்பது நீதிமன்றப் பதிவில் நிற்கும். 1997-ல் முகமது அமான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரேகைச் சாட்சியத்தையே ஏற்காமல் விட்டதற்கு இரண்டு காரணம்: கைப்பற்றிய பொருள்கள் ரேகைப் பிரிவுக்குப் போய்ச் சேரும்வரை யாரும் கைவைக்கவில்லை என்று அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை, ஒப்பிட எடுத்த மாதிரி ரேகையும் நடுவர் முன்னிலையில் எடுக்கப்படவில்லை. இவ்வளவுக்கும், போலீஸார் மீது நேரடியாகப் பொய் எதையும் நீதிமன்றம் சுமத்தவில்லை. சந்தேகத்துக்கு இடம் தராத நடைமுறை வேண்டும் என்றது.

ஆதாரைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, விரல் ரேகையையும் கருவிழிப் பதிவையும் எவருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் பகிரக் கூடாது என்கிறது. கோவாவில் ஒரு குழந்தைக்கு எதிரான கொடிய வழக்கில் விசாரணைக்காக அந்தத் தகவல்களைக் கேட்டபோது கூட, 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நாட்டின் பாதுகாப்புக்கென்று தனி விலக்கு ஒன்று சட்டத்தில் உண்டு. 11 பவுன் திருட்டு அதில் வராது. போலீஸ் தேடுவது வேறு கிடங்கில்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ல் தொடங்கிய தேசிய தானியங்கி ரேகை அமைப்பு. அங்கே இருப்பது கைதானவர்கள், தண்டனை பெற்றவர்களின் ரேகைகள். முன்பு எந்த வழக்கும் இல்லாத உங்கள் ரேகை அங்கே இருக்காது.

போகிற போக்கில் ஒன்று. ரேஷன் கடையில் அம்மாவின் கட்டைவிரலை மெஷின் ஏற்காமல் திருப்பி அனுப்பியதைச் சொல்லி, "அப்படியானால் மெஷின் தப்பு செய்யும்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். கடை மெஷின், இந்த விரல் இந்த அட்டைக்காரருடையதா என்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை அது அடையாளம் காணாமல் போகும். குற்ற வழக்கில் கணினி ஒருவரைக் கைகாட்டுவதில்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஒரு வரிசையை எடுத்துத் தரும். அதிலிருந்து ஒன்றை உறுதி செய்வது மனிதக் கண். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

உப்புத்தாள் யோசனை

வேண்டாம். உங்கள் நண்பரிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோடுகளின் அச்சு மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது; சில வாரத்தில் அதே வடிவத்தில் திரும்ப வளரும். ஆழமாகக் கிழித்தால் தழும்பு விழும், அந்தத் தழும்பே புது அடையாளமாகிவிடும். 1930-களில் அமெரிக்கக் கொள்ளையன் டில்லிஞ்சர் விரலை எரித்துக்கொண்டு பார்த்தான். செத்த பிறகு எடுத்த ரேகையிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. தேய்த்த விரலோடு நீங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தால், பீரோவில் உங்கள் ரேகை இல்லாமலே இருந்தாலும் சந்தேகத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகும்.

நிபுணர் சொன்னால் முடிந்துவிட்டதா?

2004 மார்ச்சில் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிக்கவைக்கும் கருவிகள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் ரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணினி 20 பேரை வரிசைப்படுத்தித் தந்தது. நான்காவது இடத்தில் இருந்தவர் ஆரிகன் மாநிலத்து வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். எஃப்.பி.ஐ. நிபுணர்கள் மூன்று பேர் அவருடையதுதான் என்றார்கள். அவர் தரப்புக்காக நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஆமாம் என்றார். ஸ்பெயின் போலீஸ் மட்டும் இல்லை இல்லை என்றது. இரண்டு வாரம் அவர் காவலில் இருந்த பிறகு, அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது. 2006-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நிபுணர்கள் ஐந்து பேரிடம் அவர்கள் முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளையே, அவர்களுக்குத் தெரியாமல், "இது தவறாக அடையாளம் காணப்பட்ட பிரபல ரேகை" என்று சொல்லி மறுபடி கொடுத்தார்கள். நான்கு பேர் முடிவை மாற்றிக்கொண்டார்கள். கண் பார்ப்பதைக் காது கேட்டது திருப்பிவிடுகிறது.

இதைச் சொல்வது ரேகை அறிவியலே பொய் என்று உங்களை நம்பவைக்க இல்லை. முழுதாகவும் தெளிவாகவும் பதிந்த ரேகையில் கைதேர்ந்த நிபுணர் தவறுவது மிக அரிது. சந்தேகம் வருவது மங்கலான, பாதி விழுந்த, ஒன்றன்மேல் ஒன்று பதிந்த ரேகைகளில். பீரோ போன்ற பலர் தொடும் பொருளில் அப்படித்தான் கிடைக்கும்.

நீதிமன்றத்தில் இது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும். நிபுணர் கூண்டில் ஏறி, பெரிதாக்கிய இரண்டு படங்களைக் கொடுப்பார். ஒன்று சம்பவ இடத்து ரேகை, மற்றது உங்களுடையது. இரண்டிலும் சிவப்பு மையில் கோடு இழுத்து 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இந்த ரேகை எந்தத் தேதியில் பதிந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்பார். "முடியாது" என்று பதில் வரும். "திருட்டுக்கு முன்பே பதிந்திருக்கலாம் அல்லவா?" "இருக்கலாம்." நான் பார்த்தவரை நேர்மையான நிபுணர்கள் இதற்குத் தயங்குவதே இல்லை. அவர்கள் தருவது புதிய சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி ஒரு கருத்து. தீர்ப்பு சொல்வது நீதிபதியின் வேலை. திருட்டு வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சியம் நகை எங்கே கிடைத்தது என்பதுதான். உங்களிடமிருந்து ஒரு குண்டுமணி தங்கமும் கைப்பற்றப்படாமல், பீரோவின் பக்கவாட்டில் இருந்த ரேகையை மட்டும் வைத்துத் தண்டனை வாங்குவது அரசுத் தரப்புக்கு எளிதாக இருக்காது.

புதன்கிழமைக்கு முன்னால்

திங்கட்கிழமையே குற்ற வழக்கு நடத்தும் ஒரு வக்கீலைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எஃப்.ஐ.ஆரைக் காவல்துறை இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். இரவில் பூட்டை உடைத்துத் திருடியதற்கு பி.என்.எஸ். என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 331-ஆம் பிரிவில் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. எனவே "ஏழு வருடத்துக்குக் கீழ்தானே, நோட்டீஸ் மட்டும்தான் கொடுப்பார்கள், கைது செய்ய மாட்டார்கள்" என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். முன்ஜாமீன் மனு செஷன்ஸ் நீதிமன்றத்தில் போடலாம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் போடலாம். சில வக்கீல்கள், மனு போட்டால் போலீஸின் கவனத்தை நாமே இழுத்தது போலாகும் என்பார்கள். உங்கள் விஷயத்தில் கவனம் ஏற்கெனவே உங்கள் மேல்தான் இருக்கிறது. போடலாம் என்பதே என் கருத்து. இறுதி முடிவு எஃப்.ஐ.ஆரைப் படித்துப் பார்க்கும் வக்கீலுடையது.

போனில் சொன்னதைத் திருத்துவது இப்படி. உங்கள் வக்கீல் வழியாக, விசாரணை அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில். இன்ன தேதியில் ஏ.சி. சர்வீஸ் செய்தேன், வீட்டுக்காரரின் மகனோடு சேர்ந்து பீரோவை நகர்த்தினேன், போனில் கேட்டபோது பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், நடுவர் உத்தரவுப்படி ரேகை கொடுக்கத் தயார், வீட்டுக்காரரின் மகனையும் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். சர்வீஸ் ரசீதின் நகலை இணைக்கலாம். வீட்டுக்காரரின் மகனை நீங்கள் நேரில் போய்ப் பார்க்கவோ போனில் பேசவோ கூடாது. நல்லெண்ணத்தோடு பேசினாலும், சாட்சியைக் கலைத்தான் என்று ஆகிவிடும்.

நிறுவனத்தின் செயலியில் அன்றைய வேலைப் பதிவு, வாடிக்கையாளருக்குப் போன ஓ.டி.பி., வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் எதையும் அழிக்க வேண்டாம். போனை மாற்றவும் வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட, சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் தேவைப்படும். பழைய போன் கையில் இருந்தால் அது எளிது. திருட்டு நடந்த இரவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், அம்மாதான் சாட்சி, அது செல்லாதே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அம்மா என்பதாலேயே ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. கூர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் அதில் பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று இன்றைக்கே விசாரியுங்கள். பல கடைகளில் சில வாரத்தில் பழையது தானாக அழிந்துவிடும்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது எழுத்து மூலமான அழைப்பாணையோடு போங்கள், பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவு எழுத்தில்தான் கேட்கிறது. கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க 180-ஆம் பிரிவு இடம் தருகிறது. அங்கே கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், பெருவிரலும் வைக்காதீர்கள். போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக்க முடியாது. "விசாரணைக்காக இன்று இரவு இங்கேயே இரு" என்றால் அது காவல். கைதானால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையும் உண்டு, முழு நேரமும் கூட உட்காரவைக்க முடியாவிட்டாலும்.

ரேகை ஒருமுறை பதிவாகிவிட்டால் 75 ஆண்டு வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முன்பு தண்டனை இல்லாத ஒருவர் நீதிமன்ற விசாரணைக்கே போகாமல் விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்தபின் அந்தப் பதிவை அழிக்க வேண்டும். வேறு மாதிரி செய்ய நீதிமன்றம் காரணத்தை எழுதியிருக்க வேண்டும். தானாக நடக்கும் என்று இருந்துவிடாமல், அந்த நாள் வரும்போது மனு கொடுத்துக் கேளுங்கள்.

வேலை விஷயத்தில், இப்போதைக்கு வர வேண்டாம் என்று உங்கள் நிறுவனத்தார் வாயால் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெண் வீட்டாரிடம் மற்றவர் வாய்வழியாகப் போகும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பீரோவைத் தள்ளினேன் என்பதையும் சேர்த்து.

அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். ஏடு தேடுவதற்கு அங்கேயும் முதலில் கேட்பது உங்கள் வலது கட்டைவிரல் ரேகையைத்தான். வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.